பந்தய விதியும் நாட்டுச் சட்டமும்

பந்தயத் திடலில் மட்டுமே ஓடும் மோட்டார்க் காருக்குப் புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் வேண்டுமா? மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது பொறிவல்லார் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு வினாவாகவே தோன்றும். ஆயின், ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா பந்தய வீரரையும் பட்டறைக்காரரையும் சட்ட வல்லுநரையும் ஒருங்கே ஈர்த்து, 2016ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றத்தின் வாயில்வரை சென்றது. ஒரு விதிநூல் செய்யலாம் என்பதை மற்றொரு விதிநூல் செய்யற்க என்று தடுக்குமாயின், இடையில் நிற்பவன் யாது செய்வான்? மாணாக்கரும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்கத் தக்க பொருள் இது.

முதலில் இக்கருவிகள் தோன்றிய வரலாற்றைக் காண்போம். இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்களைக் கரிக்கும் ஒருவகை மூட்டம் கவ்விவந்தது. தொழிற்சாலைப் புகையே காரணம் என்று பலர் எண்ணினர். 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் உண்மையை வெளிப்படுத்தினார். கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் வெளிவிடும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கலந்து தாக்கமுற்று அம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதே அவர் கண்டது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், புதுக் கார்களின் நச்சுப் புகையை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்குமாறு பணித்தது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஊக்கிக் கலம் பெருவழக்காயிற்று.

அக்கருவிகள் நான்கினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஆடுதண்டைக் கடந்து எஞ்சினின் அடிப்பெட்டியில் இறங்கும் வாயுக்களை மீண்டும் எரிவதற்கு அனுப்பும் வால்வு ஒன்று. பெற்றோல் தாங்கியிலிருந்து எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலம் இரண்டாவது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் எஞ்சினுட் செலுத்தி, தகன வெப்பத்தைத் தணித்து, நைதரசன் ஒட்சைட்டு உண்டாவதைக் குறைக்கும் அமைப்பு மூன்றாவது. நான்காவது ஊக்கிக் கலம். தேன்கூடு போன்ற அதன் நுண்குழாய்களிற் பூசப்பட்ட பிளாற்றினம், பல்லேடியம், உரோடியம் ஆகிய உலோகங்கள் காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், எரியாத ஐதரோக்காபனைக் காபனீரொட்சைட்டும் நீராவியுமாகவும், நைதரசன் ஒட்சைட்டை வெறும் நைதரசனாகவும் மாற்றுகின்றன.

இவற்றைக் கழற்றினால் கார் பறக்கும் என்று இளைஞர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையைச் சற்றே உரசிப் பார்ப்போம். புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு, எஞ்சின் முழு வலுவில் இயங்கும்பொழுது தானாகவே மூடிக்கொள்கிறது. ஆகவே அதனைக் கழற்றுவதாற் பெறும் வலு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கரிக்கலத்தின் செய்தியும் அஃதே. சில இறாத்தல் பாரம் குறையும், பழுதுபடக்கூடிய இறப்பர்க் குழாய்கள் சில ஒழியும், அவ்வளவே.

ஊக்கிக் கலத்தின் நிலை வேறு. பழைய கலம் புகையின் வழியை ஓரளவு அடைப்பது மெய். மேலும், அது செவ்வனே தொழிற்பட ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் அளவு பேணப்படல் வேண்டும். பந்தய எஞ்சினோ முழு வலுவில் 12 அல்லது 13 பங்கு காற்றோடு ஓடுவது வழக்கம். எஞ்சிய பெற்றோல் கலத்துள் எரியின், அதன் உள்ளீடு உருகவும் கூடும். இவையே கழற்றுவார் காட்டும் நியாயங்கள். எனினும் மறுபக்கமும் உண்டு. ஊக்கிக் கலம் ஓசையையும் ஓரளவு அடக்குகிறது. கலிபோர்ணியாவின் லகுனா சேக்காப் பந்தயத் திடலில் ஓசைக்கு எல்லை வகுத்திருக்கின்றனர். அவ்வெல்லையைக் கடந்த கார் எத்துணை விரைவாயினும் ஓட இயலாது.

இனிப் பந்தய விதிகளைப் பார்ப்போம். அந்நாட்டுப் பந்தயங்கள் பலவற்றை நடத்துவது 1944ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகம். அது கார்களை வகுப்புக்களாகப் பிரித்து, வகுப்புக்கு வகுப்பு வேறு விதி வைத்துள்ளது. கடையில் வாங்கிய வண்ணமே ஓடவேண்டும் என்ற வகுப்பில் எக்கருவியையும் கழற்றலாகாது. ‘இம்புரூவ்ட் டூரிங்’ என்னும் வகுப்பிலோ, காற்றுப் பம்பியையும் அதன் குழாய்களையும் புகை திருப்பும் அமைப்பையும் கழற்ற இடமுண்டு. கழற்றிய துளைகளை மட்டும் செம்மையாக அடைத்துவிட வேண்டும். இவ்விதிநூலைப் படிப்பார் மறவாது கொள்ளவேண்டிய நெறி ஒன்றுண்டு: செய்யலாம் என்று எழுதப்படாதது செய்யத் தகாதது. “தடை எங்கும் எழுதப்படவில்லையே” என்று வாதிடுவோன் பந்தயத்திற்கு முந்திய பரிசோதனையிலேயே தோற்றுவிடுவான். பிரித்தானிய டூரிங் கார்ப் பந்தயத்திலோ ஊக்கிக் கலம் பொருத்துதல் கட்டாயம். ஆகவே பந்தயமும் தூய புகையும் ஒன்றுக்கொன்று பகை என்பதும் பொருந்தாது.

கழகம் இசைவளித்துவிட்டது, அத்துடன் அமையுமா? அமையாது. நாட்டுச் சட்டம் வேறாக நிற்கிறது. வீதியில் ஓடுதற்கெனச் செய்யப்பட்ட காரில் இக்கருவிகளை நீக்குதலையும் செயலிழக்கச் செய்தலையும் தூய காற்றுச் சட்டம் விலக்குகிறது. வீதிக்கெனச் செய்த காரைப் பந்தயக் காராக மாற்றிய பின்னும் இவ்விலக்கு அதனைத் தொடருமா என்பதே வழக்கின் முடிச்சு. கலிபோர்ணியா மாநிலம், பொது வீதியில் ஓடாத பந்தயக் கார்களுக்குத் தன் சட்டத்திலேயே விலக்களித்துள்ளது. மத்திய அரசின் சட்டத்திலோ அத்துணைத் தெளிவில்லை. சூழல் பாதுகாப்பு நிறுவனம், விலக்கு தொடரும் என்று வெளிப்படையாகக் கூறும் வாசகம் ஒன்றை 2015ஆம் ஆண்டில் முன்மொழிந்தது. பந்தயத் துறையினர் வெகுண்டெழுந்தனர்; 2016 ஏப்பிரிலில் அவ்வாசகம் கைவிடப்பட்டது. பந்தயக் கார்களுக்கு ஐயமற விலக்களிக்கும் சட்ட முன்வரைவு ஒன்றும் அவ்வாண்டிலேயே சட்டமன்றத்திற்கு வந்தது. பின்னரும் பன்முறை வந்தது.

நிறுவனம் கொண்ட அச்சம் வெறும் கற்பனையன்று. “பந்தயத்திற்கு மட்டும்” என்னும் சீட்டை ஒட்டி விற்கப்பட்ட பொருள்கள் பல, திடலைக் காணாமலே வீதி வண்டிகளிற் பொருத்தப்பட்டன. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் 550,000க்கு மேற்பட்ட டீசல் வண்டிகளிற் புகைக் கருவிகள் நீக்கப்பட்டன என்றும், அவற்றால் 570,000 தொன்னுக்கு மேற்பட்ட நைதரசன் ஒட்சைட்டு மிகுதியாக வெளிப்படும் என்றும் மதிப்பிட்டது. வார இறுதியிற் சில சுற்று ஓடும் பந்தயக் கார் எங்கே, நாள்தோறும் பாடசாலை வாயிலைக் கடந்து செல்லும் இவ்வண்டிகள் எங்கே! குறும்பு செய்தவன் வேறு. பழி சுமந்தவன் வேறு. நேர்மையான பந்தயக்காரனின் உரிமையை ஐயத்திற்குள்ளாக்கியது, அவன் பெயரைப் போர்வையாகக் கொண்ட மற்றவன் செயலேயன்றோ?

ஆகவே இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞன் மூன்று வினாக்களுக்கு விடை தேடல் வேண்டும். என் வகுப்பு விதி இதனை வெளிப்படையாக அனுமதிக்கிறதா? நான் வாழும் இடத்தின் சட்டம் யாது கூறுகிறது? இந்தக் கார் இனி எந்நாளும் வீதிக்குத் திரும்பாதா? மூன்றாவதே முதன்மையானது. திரும்பாது என்று துணிந்தவன், காரைத் திடலுக்கு இழுவண்டியில் ஏற்றிச் செல்வான். வீதிப் பதிவையும் விட்டுவிடுவான். திரும்பலாம் என்று எண்ணுபவன் கருவிகளைத் தொடாமலிருத்தலே நன்று. அவன் இழப்பது சில நொடிகளே.

பந்தய விதிநூல் ஓடுவோர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அதில் ஒப்பமிட்டோர் அனைவரும் தாமாக வந்தவர்கள். நாட்டுச் சட்டமோ, ஓடாதவர்க்கும் சேர்த்துச் செய்த உடன்படிக்கை. காற்றைச் சுவாசிக்கும் குழந்தையை எவரும் இசைவு கேட்டதில்லை. திடலின் வேலிக்குள் எவ்வளவு விரைவாயினும் ஓடுக. வேலியைத் தாண்டி வரும் புகைக்கு மட்டும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.