எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல

பீட்டர்மாரிட்ஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா



தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சேலையூரிலிருந்து போன் வந்தால் மழை, கிளாம்பாக்கம் பஸ், யார் வீட்டில் கல்யாணம் என்று பேச்சு ஓடும். போன மாதம் வந்த போன் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதாம். கிரைண்டர் ஓட்டும்போது தூள் தெறித்திருக்கிறது. கண் சிவந்ததும் மெட்ராஸ் ஐ என்று நினைத்துக்கொண்டு மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, வலியும் அடங்கியது. அதற்குப் பிறகுதான் கருவிழியில் வெள்ளை படர ஆரம்பித்தது. கடைக்காரர் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து.

நான் டாக்டர் இல்லை, ஆய்வகக்காரன். ஸ்லைடு பார்ப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கருவிழி அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. மேல்தோல் கிழியாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே போக முடியாது. நெல் தூசியோ, செடியின் கிளையோ, இரும்புத் தூளோ, ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கில் போகும்போது மோதும் பூச்சியோ ஒரு கீறல் போட்டால் வழி திறந்துவிடும். 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்றே மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் மண்ணிலும் பயிரிலும் வாழும் பியூசேரியத்துக்கு. குளிர்நாடுகளில் கருவிழியில் பூஞ்சை அபூர்வம். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது அன்றாடச் சமாச்சாரம்.

ஆக, நம் ஊரில் பார்க்காமல் மருந்து கொடுப்பது பூவா தலையா போடுவதுதான். பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையைத் தொடாது. ஸ்டீராய்டு அதைவிட மோசம். சிவப்பை அடக்கி நம்மை ஏமாற்றும், கூடவே கண்ணின் எதிர்ப்பையும் அடக்கும். அந்த இடைவெளியில் பூஞ்சை ஆழமாக இறங்கிவிடும்.

பார்த்துச் சொல்வது பெரிய வித்தையும் இல்லை. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு விடுவார்கள். நோயாளி ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கி முன்னால் தாடையை வைத்து உட்கார, டாக்டர் சின்ன பிளேடால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் லேசாகச் சுரண்டுவார். வலி தெரியாது. சுரண்டியதைக் கண்ணாடி ஸ்லைடுகளில் தடவி, ஒன்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் கண்ணின் செல்கள் கரைந்து தெளிந்துவிடும். பூஞ்சை இருந்தால் கிளைகிளையாக, குறுக்குச் சுவர் போட்ட நூல்களாகத் தெரியும். இதற்குச் சில நிமிடம் போதும். இன்னொன்றில் கிராம் சாயம் ஏற்றினால் பாக்டீரியாவின் நிறமும் வடிவமும் தெரியும். மிச்சத்தை ரத்த அகார், பூஞ்சைக்கான அகார் ஆகிய வளர்ப்புக் கூழ்களில் C வடிவத்தில் கீறி வளர்ப்போம். அந்தக் கீறலின் மேலேயே முளைத்தால் கண்ணிலிருந்து வந்தது, தள்ளி முளைத்தால் காற்றிலிருந்து விழுந்த குப்பை. பாக்டீரியா ஓரிரு நாளில் முளைக்கும். பூஞ்சைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஏற்கெனவே கண்டதையும் ஊற்றிக்கொண்டு வந்த கண்ணில் எதுவும் முளைக்காமல் போவதும் உண்டு. எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

பூஞ்சை என்று தெரிந்தால் நாட்டமைசின் கொடுப்பார்கள், பால் போல வெள்ளையான மருந்து. 1955இல் அதைக் கண்டுபிடித்தது நான் இப்போது குடியிருக்கும் இந்த ஊர் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து. முதலில் வைத்த பெயர் பிமரிசின், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் நினைவாக. 1860இல் மதராசிலிருந்து கப்பலேறிய நம் ஆட்கள் கரும்பு வெட்டிய நேட்டால் மண் இது. அந்த மண்ணின் மருந்து நம் ஊர்க் கண்களைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இதைவிடப் புதிய, பேர்பெற்ற வோரிகோனசோலோடு அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஜெயித்தது பழைய நாட்டமைசின்தான், பியூசேரியத்தில் இன்னும் தெளிவாக. ஆனால் பொறுமை வேண்டும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விட வேண்டும். மொத்தத்தில் பல வாரம் ஆகும். நடுவில் நிறுத்தினால் கண்ணில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. அப்புறம் தானக் கருவிழி வைத்து ஆபரேஷன் செய்ய நேரிடும்.

மெட்ராஸ் ஐயில் கண் உறுத்தும், நீர் கொட்டும், பெரும்பாலும் மறு கண்ணுக்கும் பரவும். ஒரே கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்றால் அன்றைக்கே ஓட வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. லென்ஸ் போடும் ஐடி பிள்ளைகள் அதோடு தூங்காதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அப்படிச் செய்தால் தொற்றக்கூடிய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும்.

வெறும் கீறலாக இருக்கும்போதே போனால் வேலை எளிது. நேபாளத்தின் பக்தபூரில் கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. அந்தக் களிம்பும் கண்ணைப் பரிசோதித்த பிறகுதான் போடப்பட்டது.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். 1819இல் தொடங்கிய அரசுக் கண்ணாஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. எங்கே போனாலும் "சுரண்டி டெஸ்ட் பண்ணுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விட்ட மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணன்மாரே, கடைசியாக உங்களிடம் ஒன்று. சிவந்த கண்ணோடு வருகிறவர்களிடம் "தூசி, தூள் ஏதாவது பட்டதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கடையில் உள்ள எந்தச் சொட்டு மருந்தையும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சேலையூர்க்காரன்