வானொலி விரட்டிய பெட்டி

பினாங்கில் கோயில் பஜனை என்றால் பாடுபவர் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கும். நம் பாட்டன் காலத்து வாத்தியம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால், ஆர்மோனியம் பிறந்தது பாரீசில். அதைப் பாயில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டியாக மாற்றிய பெருமை கல்கத்தாவின் ஒரு கடைக்காரரைச் சேரும்.

அவர் பெயர் துவாரகநாத் கோஷ். 1875-இல் கடை தொடங்கினார். லண்டனில் இருந்த தாமஸ் டாக்கின்ஸ் நிறுவனத்திடமிருந்து வாத்தியங்களை வரவழைத்து விற்றார். தன் பெயரையும் டாக்கின்ஸ் பெயரையும் இணைத்துக் கடைக்கு 'துவார்கின்' என்று பெயர் வைத்தார். இந்த யோசனையைச் சொன்னவர் எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, அதாவது இயக்குநர் சத்யஜித் ராயின் தாத்தா.

ஐரோப்பிய ஆர்மோனியத்தை நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்துக் காற்றடித்து, இரண்டு கைகளாலும் வாசிக்க வேண்டும். நம்மவர்களோ தரையில் சம்மணம் போட்டுப் பாடுகிறவர்கள். பாட்டைத் தொடர்ந்து வாசிக்க ஒரு கை போதும். அப்படியானால் மறு கை சும்மா இருப்பானேன்? கோஷ் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து, அந்தக் கைக்கு வேலை கொடுத்தார். கால்களும் மிதிகட்டையும் போனதால் பெட்டி சிறியதானது, தூக்கிச் செல்ல எளிதானது.

அந்த நாளில் நாடகக் குழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகங்களின் தாக்கத்தில் 1885-இல் மாமாக் புஷி நம் பினாங்கில் பங்சாவான் குழுவைத் தொடங்கினார். தொடக்க காலப் பங்சாவான் இசையில் ஆர்மோனியமும் தபேலாவும் உண்டு. ஜொகூரின் மலாய் கசல் இசையில் இன்றும் ஆர்மோனியம் ஒலிக்கிறது.

இப்படிக் கடல் கடந்து போன பெட்டியை விரட்டியது என் தொழில்தான் என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடம். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கவி தாகூரும் அந்தத் தடைக்கு ஆதரவாக எழுதினார். அந்நிய வாத்தியம் என்பது ஒரு குறை. கமகம் வராது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது குறையில் நியாயம் இருக்கிறது. கட்டைகளின் ஸ்வரம் நிலையானது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவோ, அசைத்துக் காட்டவோ அதனால் முடியாது. குரலுக்கு அது முடியும்.

1971-இல்தான் தடை தளர்ந்தது. 31 வருடங்கள்! அதற்காக நாடக மேடையும் கோயில் மண்டபமும் காத்திருக்கவில்லை. வானொலிக்கு வேண்டாத பெட்டி மக்களுக்கு வேண்டியிருந்தது.

எங்கிருந்தோ வந்து இந்த ஊரில் வேர்விட்ட நம் குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிறந்த இடத்தைக் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். புழங்கப் புழங்கத்தான் ஒரு பொருள் சொந்தமாகிறது.

பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் வாங்கினால், முதலில் பாட்டைக் குரலில் சரியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பெட்டி பின்னால் வரட்டும். துருத்தி ஏன் பின்பக்கம் இருக்கிறது என்று கேட்டால், கல்கத்தா கடைக்காரர் கதையைச் சொல்லுங்கள்.