உறைவை எடுத்தால் போதுமா?

பக்கவாதம் குறித்த விழிப்புணர்வுப் பேச்சுகள் பெரும்பாலும் கடிகாரத்தைச் சுற்றியே அமைகின்றன. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி. மூளையின் பெரிய தமனி அடைபட்டிருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட, நுண்குழாயைச் செலுத்தி உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சை. இவை அவசியமான பேச்சுகளே. ஆனால், அடைபட்ட தமனி அதற்கு முன்பு எந்த நிலையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிகிச்சையின் பலனில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இந்த மௌனம் எனக்குக் கவலை தருகிறது.

இதயத்தில் உருவான உறைவு மிதந்து வந்து நல்ல தமனியில் சிக்கிக்கொண்டால், அதை அகற்றியதும் பாதை திறந்துவிடும். மண்டையோட்டுக்குள் உள்ள தமனியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து, அந்தப் படிவு வெடித்து, அங்கேயே உறைவு உண்டானால் கதை வேறு. உறைவை எடுத்த பிறகும் குறுகலும் புண்பட்ட சுவரும் எஞ்சி நிற்கும். நோயாளி சிகிச்சை மேசையில் இருக்கும்போதே தமனி மீண்டும் அடைபடுவதுண்டு. பலூனால் விரிக்கவோ, ஸ்டென்ட் பொருத்தவோ நேர்கிறது. அந்நிலையில் தரப்படும் உறைவுத் தடுப்பு மருந்துகளோ ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுகின்றன. ஓர் ஆறுதலும் உண்டு: மெல்லக் குறுகிவந்த தமனியைச் சுற்றிச் சிலருக்குக் கிளைப்பாதைகள் வலுப்பெற்றிருக்கும், அவை மூளைத் திசுவைச் சற்று நேரம் காப்பாற்றும்.

2015இல் இச்சிகிச்சையை நிலைநிறுத்திய ஐந்து ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டினர். மண்டையோட்டுக்குள் ஏற்படும் தமனிக் குறுகல் அவர்களைவிட ஆசியர்களிடம் கூடுதல்; இந்தியர்களும் விலக்கல்ல. அந்த வெற்றி விகிதத்தை அப்படியே நம் நோயாளிகளுக்குப் பொருத்துவது சரியாகாது.

ஸ்டென்ட் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் கருத முடியாது. இத்தகைய குறுகலால் அண்மையில் பாதிக்கப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்து, 2011இல் வெளியான ஆய்வில், ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரில் 14.7 சதவீதம் பேர் 30 நாள்களுக்குள் மீண்டும் பக்கவாதத்துக்கு ஆளாயினர் அல்லது இறந்தனர். தீவிர மருந்து சிகிச்சை மட்டும் பெற்றோரில் அது 5.8 சதவீதம். உறைவகற்றல் தோல்வியுற்றவர்களுக்கு உடனடியாகத் தமனியை விரிப்பது குறித்து 2024இல் வெளியான சீன ஆய்வும் நோயாளிகளின் செயல்திறனில் பலன் காணவில்லை.

ஆகவே, சாதாரண சி.டி. ஸ்கேனுடன் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராமும் எடுப்பது வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கடுத்த பொறுப்பு மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் திறந்த தமனி திறந்தபடியே இருக்காது. 2021 முதல் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்டவரின் எந்தத் தமனி எவ்வளவு குறுகியிருக்கிறது, எந்த மாத்திரையை எத்தனை மாதம் நிறுத்தக் கூடாது என்ற இரண்டு வரிகள் மருத்துவமனைச் சீட்டிலிருந்து அந்தத் தன்னார்வலரின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.