ஒன்றரை மணிக் கணக்கு

சிங்கப்பூரும் பினாங்கும் அடுத்தடுத்த வீடுகள் என்ற எண்ணம் நம் மக்களிடையே உண்டு. காரணம் இல்லாமலில்லை. 'ரஜூலா'வும் பின்னர் 'சிதம்பரம்' கப்பலும் ஓடிய நாட்களில், இங்கிருந்து புறப்பட்டோர் பினாங்கைத் தொட்டு, அதன்பின்னரே சிங்கப்பூரில் இறங்கினர். 1985இல் 'சிதம்பரம்' தீவிபத்துக்குள்ளானதோடு அக்கப்பற்பயணம் முடிவுற்றது. எண்ணம் மட்டும் முடிவுறவில்லை.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். பீங்கான் தொழிற்பேட்டையில் உழைத்து, இரு மைந்தரையும் கடல் கடந்து அனுப்பியவர். மூத்தவன் பினாங்கில் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தான்; சிங்கப்பூரிலிருக்கும் இளையவன் எட்டிப் பார்க்கவில்லை. "ஏரோப்பிளேன்ல ஒன்றரை மணி நேரந்தானாமே சாமி! நாம பாண்டிக்குப் போற நேரங்கூட இல்லையே!" என்று அழுதார்.

அந்த ஒன்றரை மணியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். சாங்கி விமான நிலையத்திற்கும் பினாங்குத் தீவின் பாயான் லெபாஸ் நிலையத்திற்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 600 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானத்திற்கு முக்கால் மணியே போதும். ஆயினும் ஓடுபாதை வரை ஊர்தல், மேலேறுதல், இறங்க முறை காத்தல் ஆகியன சேர்ந்தே அட்டவணை ஒன்றரை மணி என்கிறது. குறுகிய தொலைவில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் சிறிதே. நாடு விட்டு நாடு செல்வதால் இரண்டு மணி முன்னதாகவே நிலையம் சேர வேண்டும். இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை வேறு. தங்கும் விடுதியிலிருந்து நோயாளியின் கட்டில் வரை கணக்கிட்டால் ஏழெட்டு மணியாகும். இரண்டு நாள் விடுப்பின்றிப் போய்வர இயலாது.

(சென்னை–சிங்கப்பூர்ச் சீட்டைக் கண்டு ஏழு மணிப் பயணமோ என அஞ்சுவோர், அங்குக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதை நினைவிற் கொள்க. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அவ்வேறுபாடு இல்லை.)

தரைவழியும் உண்டு. 1924இல் திறக்கப்பெற்ற ஜொகூர்த் தரைப்பாலமும் 1985இன் பினாங்குப் பாலமும் இரு தீவுகளையும் பெருநிலத்தோடு பிணைத்துவிட்டன. சூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவிற்குச் சிங்கப்பூர் இறைமக்கள் இவ்வழியே செல்வதுண்டு.

பின் இளையவன் ஏன் செல்லவில்லை? தொலைபேசியில் நாமே விசாரித்தோம். அவனது கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கியவர், கேட்டபோது 'இந்த வேலை முடியட்டும்' என்றாராம். பிறருடைய கடவுச்சீட்டை இவ்வாறு பிடித்து வைப்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சட்டப்படி குற்றம். அதை அறியாத பிள்ளை, வீட்டிற்குச் சொல்லவும் வெட்கி, அண்ணனின் பழியையும் தாயின் பழியையும் சுமந்திருந்தான். சிங்கப்பூரின் மனிதவள அமைச்சகத்திலோ இந்தியத் தூதரகத்திலோ அவன் முறையிட்டிருக்கலாம்.

அயல்நாட்டில் பிள்ளைகளை உடைய பெற்றோர் அடுத்த முறை பேசும்போது, பணம் அனுப்பியாயிற்றா என்பதோடு, கடவுச்சீட்டு யார் கையில் உள்ளது என்றும் கேட்டுக்கொள்ளவும். அதன் முதற்பக்கப் படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.