முகத்துவாரத்துக்கும் பங்கு வேண்டும்

ஆற்றுநீர் கடலில் கலந்தால் வீண் என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் வேரூன்றியுள்ளது. அந்த எண்ணம் தவறு என்பதற்கு, குஜராத்தின் பரூச் அருகே நர்மதை கடலில் சேரும் முகத்துவாரமே சாட்சி.

கடல்நீர் கனமானது, ஆற்றின் அடியில் ஆப்பு போல நுழையும். இலேசான நன்னீர் அதன் மேல் ஓடும். ஆற்றின் வேகமே உப்பைக் கடல் பக்கம் தள்ளி வைக்கிறது. காம்பே வளைகுடாவிலோ நாட்டிலேயே மிக உயர்ந்த ஓதம் எழுகிறது. அது இரு நீரையும் கலக்கி ஆற்றுக்குள் ஏற்றிவிடும். வலுவான நீரோட்டம் மட்டுமே அதை எதிர்க்க முடியும்.

ஆனால், சர்தார் சரோவர் அணையின் கதவுகளை மூட 2017 ஜூனில் அனுமதி தரப்பட்டது. கீழே நீரோட்டம் குன்றக் குன்ற, உப்பு மேலேறியது. முட்டையிட நன்னீர் தேடி வரும் ஹில்சா மீன் அருகியது. மீனவர் பிழைப்பும் தேய்ந்தது. இதற்குப் பரிகாரமாக பாட்பூத்தில் தடுப்பணை கட்ட முனைந்தது குஜராத் அரசு. அது உப்பைத் தடுக்கலாம்; ஹில்சாவின் வழியையும் அடைத்துவிடும் என மீனவர்கள் அஞ்சுகின்றனர்.

நடுவர் மன்றத்தின் 1979-ம் ஆண்டு தீர்ப்பு, 2.8 கோடி ஏக்கர் அடி நீரை நான்கு மாநிலங்களுக்குப் பிரித்தது. முகத்துவாரத்துக்குப் பங்கில்லை. 45 ஆண்டுகளுக்குப் பின் பங்கீட்டை மறுஆய்வு செய்யலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அந்தக் காலம் 2024-ல் நிறைவடைந்தது. மறுஆய்வில் ஐந்தாவது பங்காளியாக முகத்துவாரத்தையும் சேர்ப்பதே மத்திய அரசின் கடமை.