ரெண்டாவது பேஸ் கிடார் வாங்கறதுக்கு முன்னாடி...

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ரிலீஸ், வார இறுதியில கச்சேரின்னு ஓடிட்டு இருந்ததால இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. கதை, கவிதைன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னிக்கு மேட்டர் பேஸ் கிடார்.

தெரியாதவங்களுக்கு சின்ன அறிமுகம். மெல்லிசைக் குழு மேடையில ஒரு ஓரமா, தடியான கம்பி போட்ட நீளமான கிடாரை மாட்டிக்கிட்டு, எல்லா போட்டோவுலயும் பாதி உடம்பு மட்டும் தெரியற மாதிரி ஒருத்தன் நிப்பான் பாருங்க, அவன்தான் நான். திங்கள் முதல் வெள்ளி வரை மென்பொருள். சனி, ஞாயிறு கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா.

போன வாரம் இன்னொரு குழுவுல வாசிக்கற தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணா, போனஸ் வந்திருக்கு. அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லா இருக்கும்?"

"எதுவும் வாங்காதே"ன்னேன். பையன் கடுப்பாயிட்டான். அவன்கிட்ட போன்ல சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதறேன்.

மூணு வருஷம் முன்னாடி நானும் இதையே பண்ணினவன். போனஸ் மொத்தத்தையும் போட்டு அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் வாங்கினேன். ஆக்டிவ்னா உள்ளே 9 வோல்ட் பேட்டரியில ஓடற குட்டி ப்ரீஆம்ப் இருக்கும். சத்தம் தெளிவா, கம்பீரமா வரும். வீட்ல வாசிச்சப்ப எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

அதோட முதல் மேடை, ஆபீஸ் நண்பனோட ரிசப்ஷன். எங்க டீம் மொத்தமும் முன் வரிசையில. மூணாவது பாட்டுல என் பேஸ் 'பர்ர்ர்'னு கிழிஞ்ச மாதிரி கத்த ஆரம்பிச்சுது. நாலாவது பாட்டுல சுத்தமா படுத்துடுச்சு. கேபிளை ஆட்டினேன், நாபைத் திருகினேன், சவுண்ட் அண்ணனைப் பார்த்து கையை விரிச்சேன். அவர் என்னைப் பார்த்து கையை விரிச்சார். என்ன கொடுமை இது!

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. ஆக்டிவ் பேஸ்ல பெரும்பாலும் தனியா ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. கேபிளைச் சொருகினாலே உள்ளே சர்க்யூட் ஆன். நான் வாங்கின நாள்லேர்ந்து மூணு வாரமா கேபிளைக் கழட்டாம அப்படியே ஸ்டாண்ட்ல நிறுத்தி வெச்சிருந்தேன். நான் ஆபீஸ்ல இருந்தப்பவும், தூங்கினப்பவும் பேட்டரி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. மாத்த இன்னொரு பேட்டரியும் கைவசம் இல்லை.

அன்னிக்கு ஒண்ணு கவனிச்சேன். பேஸ் நின்னுடுச்சுன்னு கூட்டத்துல யாரும் சொல்லலை. பாட்டு போயிட்டுதான் இருந்துச்சு. ஆனா கீபோர்டு அண்ணன் கவனிச்சு இடது கையால சமாளிக்கறதுக்குள்ள, மேடைக்கு முன்னாடி ஆடிட்டு இருந்த பசங்க ஒவ்வொருத்தரா போய் உட்கார்ந்துட்டாங்க. ஏன் உட்கார்ந்தோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. பேஸ் இருக்கறப்ப யாரும் கவனிக்க மாட்டாங்க. இல்லாதப்ப கால் மட்டும் கவனிச்சுடும்.

கச்சேரி முடிஞ்சு மாஸ்டர் பேசின காசை முழுசா குடுத்தார். "அடுத்த வாட்டி பழைய கிடாரையே கொண்டு வா தம்பி"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாகூட பரவாயில்லை.

அன்னிலேர்ந்து ஒரு நோட்டு போட்டேன். மேடையில எது மக்கர் பண்ணினாலும் அதுல ஒரு வரி. (பிழைப் பட்டியல் எழுதறதுதானே நம்ம பொழப்பு!) மூணு வருஷத்துல அதிகம் காலை வாரினது கேபிள். அடுத்து கரண்ட். அடுத்து பேட்டரி. அடுத்து அடியேன். கம்பி அறுந்தது ஒரே ஒரு தடவை. கிடாரே கைவிட்டது ஒரு தடவைகூட கிடையாது. அப்ப காசு எங்க போகணும்? இதுதான் என் கட்சி: பேஸ் வாசிக்கறவனோட முதல் வேலை நிக்காம இருக்கறது. அந்த வேலைக்கு உதவற சாமான் எல்லாம் மலிவு, பார்க்க அசிங்கம், போட்டோ போட்டா யாரும் லைக் போட மாட்டாங்க. அதனாலதான் யாரும் வாங்கறதில்லை.

"அண்ணா, ஸ்பேர் கிடாரும் ஒரு பாதுகாப்புதானே"ன்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா கேபிள் போனா ரெண்டாவது கிடாரும் ஊமைதான்.

முதல்ல கரண்ட்

இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஒரு கோயில் திருவிழாவுல கோரஸ் பாட மைக்குக்கிட்ட வாயைக் கொண்டு போனேன். உதட்டுல சுள்ளுனு ஒரு அடி. கை கம்பி மேல, உதடு மைக் மேல. என் ஆம்ப் ஒரு பிளக்ல, மிக்ஸர் ஜெனரேட்டர்ல. ஏதோ ஒண்ணுக்கு எர்த் இல்லை. நடுவுல ஒயர் மாதிரி நான். நான் பிழைச்சது அதிர்ஷ்டம். 1972-ல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, வேல்ஸ்ல ஸ்வான்சீ ஊர் மேடையில, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துட்டார்.

அதனால என் பையில முதல் சாமான், ஹார்டுவேர் கடையில கிடைக்கற சாதா டெஸ்டர். மேடை ஏறினதும் மைக்கோட வலையில, ஆம்ப் பாடியில வெச்சுப் பார்ப்பேன். எரியலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லை. ஆனா எரிஞ்சா, எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்க்கற வரைக்கும் தொட மாட்டேன். பிளக் பாயிண்டை மிக்ஸர் எங்கேர்ந்து எடுக்குதோ அங்கேர்ந்தே கேட்டு வாங்கறேன். 'ஹம்' சத்தம் வருதுன்னு மூணு பின்ல எர்த் பின்னைக் கழட்டி விடற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய உண்டு. தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஹம் போகறதுக்கு வேற வழி இருக்கு, அடுத்து சொல்றேன்.

டிஐ பாக்ஸ்

கைக்குள்ள அடங்கற ஒரு இரும்பு டப்பா. கிடார்லேர்ந்து வர்ற சிக்னல் பலவீனமானது. நீளமான சாதா கேபிள்ல மிக்ஸர் வரைக்கும் போனா கூர்மை போயிடும், வழியில இருக்கற இரைச்சலை எல்லாம் அள்ளிக்கிட்டு போகும். டிஐ பாக்ஸ் அதை மைக் கேபிள்ல தூரமா போகற மாதிரி மாத்திக் குடுக்கும். அதுல 'கிரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஹம் வந்தா அதைத் தட்டிப் பார்க்கணும். அது துண்டிக்கறது ஆடியோ கிரவுண்டை மட்டும், கரண்ட் எர்த்தை இல்லை.

இது வந்ததுலேர்ந்து சின்ன மண்டபங்களுக்கு நான் ஆம்ப் தூக்கறதில்லை. ஆக்டிவ் கிடாருக்கு பேட்டரி தேவைப்படாத பாஸிவ் டிஐ போதும். பாஸிவ் கிடாருக்கு ஆக்டிவ் டிஐ நல்லது, அதுக்கு மிக்ஸர்லேர்ந்து 48 வோல்ட் வரும். சவுண்ட் அண்ணன்கிட்ட 'இருக்கும்ல?'னு கேட்காம நம்மளே ஒண்ணு கொண்டு போறது உத்தமம்.

கேபிள் ரெண்டு. ரெண்டையும் கச்சேரிக்கு முதல் நாள் ஆட்டிப் பார்க்கணும். சொருகறதுக்கு முன்னாடி கேபிளை ஸ்ட்ராப்புக்குள்ள ஒரு சுத்து விட்டு சொருகுங்க. யாராவது மிதிச்சாலும் பிடுங்கிக்காது. (நம்ம மேடையில மாப்பிள்ளையோட மாமா கண்டிப்பா மிதிப்பார்.) ஸ்ட்ராப் அகலமா இருக்கட்டும். நாலு கிலோ கட்டையை மூணு மணி நேரம் மெல்லிசு பட்டையில தொங்கவிட்டா திங்கட்கிழமை மவுஸ் பிடிக்க முடியாது. அனுபவம்.

சத்தம்

தனியா வீட்ல வாசிக்கறப்ப நல்லா இருக்கற சத்தம் மேடையில காணாமப் போகும். எல்லாரும் லோவையும் ஹையையும் ஏத்தி, நடுவுல இருக்கற மிட்டை இறக்கி வெச்சிருப்போம். மண்டபத்துல அந்த லோ எல்லாம் ஒரே 'கும்ம்ம்'. அதுவும் உள்ளே கூடா இருக்கற மரமேடைன்னா கேட்கவே வேண்டாம், மேடையே ஒரு டிரம். லோவைக் குறைச்சு, 400-லேர்ந்து 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைக் கொஞ்சம் ஏத்துங்க. தனியா கேட்டா மூக்கடைச்ச மாதிரி இருக்கும். குழுவோட கேட்டா ஒவ்வொரு நோட்டும் தெரியும்.

அஞ்சாவது கம்பி மேட்டரும் இதுதான். நாலு கம்பி பேஸோட அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அஞ்சாவது கம்பி 31. நம்ம மண்டப ஸ்பீக்கர் நிறைய அந்த ஆழத்துல ஒழுங்கா பேசாது. 1960-கள்ல மோட்டவுன் பாட்டுக்கெல்லாம் உயிர் குடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன், நாலு கம்பி ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை வலது கையோட ஒரே விரலால வாசிச்சார். கம்பியைக்கூட லேசுல மாத்த மாட்டார்னு பேர். பேட்டரியும் கிடையாது, அஞ்சாவது கம்பியும் கிடையாது.

வாசிப்பு

மேலைநாட்டுப் புத்தகம் எல்லாம் 'டிரம்மரோட வலது காலைப் பாரு'ன்னு சொல்லும். நம்ம குழுவுல பாதி நாள் டிரம்மரே கிடையாது, ரிதம் பேட்தான். அதுல கால் இல்லை, அதனால கையைப் பார்க்கணும். கிக் சத்தம் எந்தக் கட்டத்துல வெச்சிருக்கார்னு ஒத்திகையிலயே பார்த்து வெச்சுக்கிட்டா, கண் அங்க, விரல் இங்க. ரெண்டும் ஒண்ணா விழுந்தா பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது கட்டை. பாட வர்றவங்க கடைசி நிமிஷத்துல "அரைக் கட்டை ஏத்திக்கலாமா"ம்பாங்க. கீபோர்டு அண்ணன் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிட்டு, "சி மைனர்தான் தம்பி"ன்னு பழையபடியே சொல்வார். அவர் விரலுக்கு அது சி. ஸ்பீக்கர்ல வர்றது சி ஷார்ப். நமக்கு பட்டன் கிடையாது. "அண்ணே, விரல்ல சியா, சத்தத்துல சியா?"ன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க. திறந்த கம்பியை நம்பாம விரல் வெச்சே வாசிக்கப் பழகினா, அரைக் கட்டைங்கறது ஒரு ஃப்ரெட் நகர்றதுதான். இதுக்கு செலவு சல்லிக்காசு கிடையாது. ஆனா மேடையில நான் வழிஞ்சதுல பாதி இதாலதான்.

'பேஸ்காரன் கம்மியா வாசிக்கணும்'னு ஒரு பொது விதி உண்டு. நம்ம ஊர்ல அதுக்கு ஒரு விலக்கு, இளையராஜா. அவர் பாட்டுல பேஸ் தனி மெட்டாவே போகும். 1988-ல வந்த அக்னி நட்சத்திரத்தோட 'ராஜா ராஜாதி' பாட்டுல பேஸைச் சுருக்கி வாசிச்சுப் பாருங்க, கடைசி வரிசையிலேர்ந்து சத்தம் வரும். அங்க எழுதினது எழுதினபடி. மத்த இடத்துல அடக்கி வாசி.

காது

கடைசியா சொல்றதால முக்கியம் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனக் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனமும் 2022-ல, கச்சேரி நடக்கற இடங்கள்ல சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு வரையறை குடுத்திருக்கு. நம்ம கச்சேரி மூணு மணி நேரம். ஒரு பக்கம் சிம்பல், மறுபக்கம் மானிட்டர்.

ஒரு தொடர் கச்சேரி வாரத்துக்கு அப்புறம் என் இடது காதுல 'ஙீ'ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ரெண்டு நாளைக்குப் போகவே இல்லை. ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு அதையே கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். அது போயிடுச்சு. அடுத்த தடவையும் போகும்னு யாரும் எழுதிக் குடுக்கலை. இப்ப இசைக்காரங்களுக்குன்னே விக்கற இயர் பிளக் போட்டுக்கறேன். சாதா பஞ்சு மாதிரி மேல் சத்தத்தை மட்டும் அடைக்காம, எல்லாத்தையும் ஓரளவு சமமா குறைக்கும். முதல்ல ரெண்டு கச்சேரி தண்ணிக்குள்ள வாசிக்கற மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும். கிடார் போனா வேற வாங்கலாம். இதுக்கு ஸ்பேர் கிடையாது.

ஆக என் பை இதுதான்: டெஸ்டர், டிஐ பாக்ஸ், ரெண்டு கேபிள், உறை பிரிக்காத 9 வோல்ட் பேட்டரி ரெண்டு, ட்யூனர், ஒரு செட் கம்பி, கம்பி துடைக்க ஒரு பழைய பனியன், இயர் பிளக். எல்லாம் சேர்த்து அந்த ஆக்டிவ் பேஸ் விலையில ஒரு சின்ன ஓரம்தான் ஆச்சு.

அந்த பேஸ் இன்னும் இருக்கு. நல்ல கிடார். பாவம், அது மேல ஒரு தப்பும் இல்லை. வாசிச்சு முடிச்சதும் மறக்காம கேபிளைக் கழட்டிடறேன். போன மாசம் ஒரு ரிசப்ஷன்ல கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறி, கேபிள் ஒண்ணு செத்து, எல்லாம் ஒரே பாட்டுல நடந்துச்சு. அடுத்த பல்லவிக்குள்ள திரும்ப வந்துட்டேன். ஆடிட்டு இருந்தவங்க யாரும் உட்காரலை. மாஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பேஸ்காரனுக்கு அதுதான் கைதட்டல் :-)

தம்பி, இதைப் படிச்ச பிறகும் வாங்கணும்னு தோணினா வாங்கு. ஆனா பையை முதல்ல நிரப்பு.

மேடை ஏறற மக்களே, உங்க பையில என்ன இருக்கு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

பி.கு: பேட்டரி எடுத்துட்டுப் போறதோட, கிடாரோட பின்பக்க மூடியைத் திறக்க ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் வேணும். இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்காதீங்க. அது தனிப் பதிவு!