மூடுபனியில் ஒரு பொய்

சென்ற மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சங்கத்தில் திருப்பாவை வகுப்பு முடிந்து, தொன்னையில் வெண்பொங்கலை வாங்கிக்கொண்டு, வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். டில்லியில் அந்த மாதத்தில் வெயிலைப் போன்ற பிரசாதம் வேறொன்று இல்லை என்பது வாசக அன்பர்கள் அறிந்ததே.

அருகில் ஓர் இளம் தம்பதிகள். திருமணமாகி இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன. இருவருக்கும் குருகிராமத்தில் உத்தியோகம். கைப்பேசியில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், என்னைக் கண்டதும் அதை என்னிடமும் காட்டினார்கள். கால்காவிலிருந்து சிம்லாவுக்குப் போகும் சிறிய ரயில்; அதன் வாசற்படியில் கம்பளிக் குல்லாய் அணிந்த இருவரும். 1903-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் அது. தொண்ணூற்றாறு கிலோமீட்டர் தூரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகளில் நுழைந்து நுழைந்து கடக்கும்.

"அழகான படம். ஊரில் அப்பா அம்மா பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்தான் சொன்னாள்: "அவர்கள் கண்ணில் படாதபடி வைத்திருக்கிறோம், மாமா. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறோம். கிறிஸ்துமஸ் லீவில் சிம்லா போனோம் என்று தெரிந்தால் மனம் வருத்தப்படும்."

கணவர் இன்னும் விளக்கமாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் படத்தைப் போடும்போதே, இன்னின்னார் பார்க்கக் கூடாது என்று விலக்கி வைக்க வழி இருக்கிறதாம். விலக்கப்பட்ட பட்டியலில் நால்வர்: இரு வீட்டுப் பெற்றோர்களும்.

நான் அவர்களுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. உபதேசிக்கும் தகுதி எனக்கு இல்லை. இதே குற்றத்தை 1989-ஆம் ஆண்டிலேயே செய்து முடித்தவன் நான். அப்போது கைப்பேசி இல்லை. இன்லண்டு கடிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த நாளில் கரோல்பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம். 'பர்சாத்தி' என்பார்கள். அறை ஒன்று, அதில் நானும் என் மனைவியும், வேலை தேடி வந்திருந்த என் தம்பியும், அவ்வப்போது ஊரிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரும் ஒருவரும். கணவனும் மனைவியும் மனம்விட்டு ஒரு மணி நேரம் பேச வேண்டுமானால் வீதிக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் வீதிக்குப் போனோம்.

குளிர்காலம் அதற்கு வாய்த்த காலம். கொறிக்க வேர்க்கடலையும் ஆரஞ்சுப் பழமும், எள்ளும் வெல்லமும் சேர்த்த கஜக்கும் இருந்தால் ஒரு பகல் பொழுது கழிந்துவிடும். லோதி தோட்டத்தில் சுல்தான்களின் கல்லறைகளுக்கு நடுவே புல்தரையில் அமர்ந்து, வீட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறோம். குதுப்மினார் அடியில் நின்று எழுபத்திரண்டரை மீட்டர் உயரத்தையும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். 1981-ஆம் ஆண்டு நடந்த விபத்துக்குப் பின் உள்ளே படியேற அனுமதி இல்லை. பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூண், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் இருப்பதைப் பற்றி நான் பிரசங்கம் செய்ய, என் மனைவி, "இருக்கட்டும், நம் வீட்டு இரும்புச் சட்டி ஏன் ஒரே வாரத்தில் துருவேறுகிறது?" என்று கேட்டதும் அங்கேதான்.

ஆனால் ஞாயிறு வேறு, நீண்ட விடுமுறை வேறு. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பத்து நாள் லீவு ஊருக்கு உரியது என்பது எழுதாத சட்டம். கும்பகோணத்துக்கு அருகே எங்கள் கிராமம். இரவு டில்லியில் ரயிலேறினால் சென்னை. அங்கிருந்து எழும்பூருக்குப் போய் வேறு ரயில். புறப்பட்ட மூன்றாம் நாள் காலையில்தான் ஊர். போகவர ஐந்து நாள் போய்விடும். மிஞ்சிய ஐந்து நாளில் என் வீட்டில் மூன்று, அவள் வீட்டில் இரண்டு. நான் திண்ணையில் உறவினர்களுக்கு டில்லி அரசியல் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் அடுக்களையில் இருப்பாள். திரும்பும் ரயிலில்தான் நாங்கள் மீண்டும் கணவன் மனைவி ஆவோம்.

திருமணமான நான்காம் ஆண்டு, மார்கழியில் ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஒரே ஒரு வருஷம், நாம் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வந்தால் என்ன?" கேட்டது நியாயமானது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லும் துணிவுதான் எனக்கு வரவில்லை. "இந்த ஆண்டு ஆபீசில் லீவு கொடுக்க மறுத்துவிட்டார்கள்; பொங்கலுக்கு வர இயலாது" என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, ஆக்ராவுக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஆக்ராவில் நாங்கள் இறங்கியபோது எங்கும் மூடுபனி. தாஜ்மகாலின் பெரிய வாயிலைக் கடந்து உள்ளே போனோம். எதிரே தாஜ்மகால் இல்லை. நீர்வாய்க்கால் இருந்தது, மரங்கள் இருந்தன. அவற்றுக்கு அப்பால் வெள்ளைத் திரைதான். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, நடுவே உள்ள சலவைக்கல் மேடைப் பலகையில் அமர்ந்தோம். 1992-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இளவரசி டயானா தன்னந்தனியே அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு, உலகப் புகழ் பெறச் செய்த பலகை அதுவே. நாங்கள் அமர்ந்தபோது அதற்குப் பெயரில்லை. பதினொரு மணி சுமாருக்குக் கலசம் முதலில் தெரிந்தது, பிறகு குவிமாடம், பிறகு நான்கு தூபிகள். வேறு யாரும் குறுக்கிடாமல் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் இருந்தது, எங்கள் மண வாழ்வில் அன்றுதான் முதல் தடவை. வழிப்போக்கர் ஒருவரிடம் காமிராவைக் கொடுத்து அந்தப் பலகையில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் பஸ்ஸில் பதேபூர் சிக்ரி வழியாகப் பரத்பூர் சென்றோம். அங்குள்ள பறவைகள் சரணாலயத்துக்குக் கேவலாதேவ் என்று பெயர்; உள்ளே இருக்கும் சிவன் கோயிலால் வந்த பெயர். மன்னர் காலத்தில் அது வாத்து வேட்டைக்காடு. 1938-ஆம் ஆண்டு ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்ட செய்தி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காடுதான் 1985-இல் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு, மிதிப்பதை அவ்வப்போது நிறுத்தி, ஒவ்வொரு பறவையாகக் கைகாட்டினார்.

தூரத்தில், முழங்காலளவு நீரில் மூன்று சைபீரியக் கொக்குகள் நின்றன. தாயும் தந்தையும் தூய வெள்ளை. நடுவே நின்ற குஞ்சின் உடலில் பழுப்பு நிறம் கலந்திருந்தது. சைபீரியாவிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்த குடும்பம். என் மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவையும் ஊரைவிட்டு வந்தவைதாம். ஆனால் ஊருக்குத் திரும்பும் நாள் இவற்றுக்குத் தவறுவதில்லை" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இன்று பரத்பூர் செல்பவர்கள் அக்கொக்குகளைக் காண முடியாது. 2002-ஆம் ஆண்டுக்குப் பின் அவை அங்கு வரவில்லை. வரும் வழியில் வேட்டையாடப்பட்டு அந்தக் கூட்டமே தேய்ந்து போயிற்று.

பொய் நான்கு மாதம் நிலைத்தது. சித்திரையில் ஊருக்குச் சென்ற என் மைத்துனன், படங்கள் இருந்த உறையையும் கொண்டுபோய், சற்றும் சூதறியாமல் என் தாயாரின் கையில் கொடுத்துவிட்டான். பத்து நாளில் அம்மாவின் கடிதம் வந்தது. கோபம் எதுவும் இல்லை, நாலைந்து வரிகள்தாம். அதன் சாரம் இதுதான்:

"தம்பி, தாஜ்மகால் படம் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் நம் வீட்டில் பார்த்ததில்லை. பொங்கலன்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், என் பிள்ளைக்கு லீவு இல்லை, பாவம் என்று சொல்லிவிட்டேன். இப்போது இந்தப் படத்தை நான் யாரிடம் காட்டுவேன்? பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகுதான் நான் செய்தது இன்னதென்று எனக்குப் புரிந்தது. ஊருக்கு வராமல் இருந்ததை அவர் பெரிதாக எண்ணவில்லை. தன் மகனும் மருமகளும் தாஜ்மகாலுக்குப் போய்வந்தார்கள் என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படும் உரிமையை நான் பறித்துவிட்டேன். வருத்தப்படுவார் என்று அஞ்சி நான் மறைத்தது, அவருடைய மகிழ்ச்சியைத்தான். அவர் பெருந்தன்மையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் அந்தப் பொய் அவருக்குச் சொல்லிவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஓர் ஆண்டு விடுமுறை ஊருக்கு. மறு ஆண்டு எங்களுக்கு. எங்கே போகிறோம் என்று புறப்படும் முன் ஒரு கடிதம். திரும்பிய பின் படத்தோடு ஒரு கடிதம். முதல் தடவை பதில் வரத் தாமதமாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்ற மனம் ஒரே நாளில் பழகிவிடாது. ஆனால் நாளடைவில் கேள்விகள் வரத் தொடங்கின. ஜெய்ப்பூரில் தண்ணீர் உப்பா? ஹரித்துவாரத்துக் குளிரில் அவள் தலைக்குக் குளித்தாளா? கஜக்கு எப்படிச் செய்கிறார்கள்?

1996-ஆம் ஆண்டு மாசி மாதம் அம்மாவே டில்லிக்கு வந்தார். ஆக்ராவுக்கு அழைத்துச் சென்றோம். தாஜ்மகாலைப் பார்ப்பதற்கு முன், "நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்த பலகை எது?" என்று கேட்டார். அதில் எங்களை மறுபடியும் உட்காரச் சொல்லி, எதிரே நின்று பார்த்தார். அவர் காலமான பின், பெட்டியில் எங்கள் கடிதங்களெல்லாம் ஆண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. லீவு கிடைக்கவில்லை என்று நான் எழுதிய கடிதம் மட்டும் அக்கட்டில் இல்லை.

அன்பர்களே, இதை ஒரு கதையாக மட்டும் எழுதவில்லை. நம் குடும்பங்களில் இன்றும் இது தொடர்கிறது. அன்று இரண்டரை நாளாக இருந்த தூரம் இன்று விமானத்தில் மூன்று மணிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் மறைக்க வேண்டியவை குறையவில்லை. கணவனும் மனைவியும் தனித்து நாலு நாள் எங்காவது சென்று வருவது பெற்றோருக்குச் செய்யும் துரோகமன்று. பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போவது வெறும் கடமைக் கணக்குமன்று. இரண்டுக்கும் இடம் உண்டு. பொய்க்குத்தான் இடமில்லை.

அனுபவத்தால் அறிந்த சில யோசனைகளையும் சொல்லி முடிக்கிறேன். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; அன்று போய் ஏமாற வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சகஜம். திரும்பிய அன்றே ஆபீஸ் என்று திட்டமிடாதீர்கள். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையையும் மேலெழ விடாமல் பிடித்து வைப்பதால், இப்போதெல்லாம் அதிகாலை உலா டில்லியில் உகந்ததன்று. நண்பகலுக்கு மேல் போவது மேல். பெற்றோரை அழைப்பதானால் மாசி, பங்குனியில் அழையுங்கள். குளிர் தணிந்திருக்கும், வெயில் ஏறியிராது, பூங்காக்கள் பூத்திருக்கும்.

இனி அந்தச் சிம்லாத் தம்பதிகள். பொங்கல் விழாவன்று அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "அத்தைக்குப் படத்தை அனுப்பிவிட்டோம், மாமா. இரண்டு நாள் பேசவே இல்லை" என்றாள்.

"மூன்றாம் நாள்?"

"மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். அந்தக் குல்லாய் எங்கே வாங்கினாய், மாமாவுக்கும் ஒன்று வாங்கி அனுப்பு என்றார்கள்."

கும்பகோணமானால் என்ன, கோயம்புத்தூரானால் என்ன, தை மாதத்தில் கம்பளிக் குல்லாய் யாருக்கும் அவசியமில்லை. ஆனாலும் தவறாமல் வாங்கி அனுப்பும்படி சொன்னேன்.